போகும் முன்பே வைத்த பேனர்

பனிமலைக்குப் புதிதாகக் குழு அழைத்துப் போகத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் அக்கா என்று கேட்டார்கள். உட்கார்ந்து எழுதுவது எனக்கு வராது. முட்டி தேய்ந்து மலை ஏறுவதை விட்ட பிறகும் இந்தக் கால்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. கடலூர் முதுநகரில் என் வீட்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடுவே நடந்து நடந்துதான் இதை எழுதுகிறேன்.

பலகையை எப்படிப் பூட்டுவது, பனியில் புதைந்தவனை எப்படித் தேடுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். அதற்குப் படங்கள் இருக்கின்றன, வகுப்புகள் இருக்கின்றன. எந்த வகுப்பிலும் சொல்லித் தராத ஓர் ஆபத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அது மலையில் இல்லை. சிதம்பரம் மேலவீதியில், மூங்கில் சாரம் கட்டி, நாலு பக்கமும் கயிறு இழுத்து நிற்கிறது.

இரண்டாயிரத்துப் பதினொன்றின் தொடக்கம். விழுப்புரத்திலிருந்து வரும் ரயில் பாதையை அகலப்படுத்தி, சிதம்பரத்துக்கு மறுபடி வண்டி வரத் தொடங்கியிருந்த சமயம். ஸ்பிளிட்போர்டு என்ற சொல்லை இந்த மாவட்டத்தில் அப்போது சொன்னால், பிளைவுட் கடைக்கு வழி சொல்வார்கள். பனியில் சறுக்கும் பலகைதான் அது. நீளவாக்கில் இரண்டாகப் பிரியும். பிரித்து, காலுக்கு ஒன்றாக மாட்டி, அடியில் முரட்டுத் துணி ஒட்டிக்கொண்டால் பின்னால் வழுக்காமல் மலை ஏறலாம். மேலே போனதும் துணியை உரித்து, இரண்டையும் சேர்த்துப் பூட்டி, ஒரே பலகையாக்கிச் சறுக்கி இறங்கலாம். இழுத்துப் போகும் கம்பிவடம் கிடையாது, பாதை கிடையாது, ஆள் நடமாட்டம் கிடையாது. விழுந்தால் தூக்க, கூட வந்தவர்கள்தான்.

என் குழுவில் அந்த முறை இரண்டே பேர். இளங்கோ, புவனகிரிப் பையன், சிதம்பரத்தில் எலக்ட்ரிக்கல் கடை. அவனுடைய சிநேகிதன் பஷீர், பரங்கிப்பேட்டை, பக்கத்திலேயே செல்போன் ரீசார்ஜ் கடை. இருவரும் முந்தின குளிர்காலத்தில் மணாலியில், கீழ்ச் சரிவுகளில் விழுந்து எழுந்து சறுக்கக் கற்றவர்கள். இந்த முறை முதல் தடவையாக மேலே, யாரும் போகாத பக்கத்துக்கு அழைத்துப் போவதாக இருந்தேன்.

தேவனாம்பட்டினம் கடற்கரையில்தான் பயிற்சி. முரட்டுத் துணியை மட்டும் பையை விட்டு எடுக்க விடமாட்டேன். அதன் பசையில் மணல் பட்டால் தொலைந்தது. மற்றபடி கையுறையைப் போட்டுக்கொண்டே பலகையைப் பிரிப்பது, பூட்டுவது, மறுபடி பிரிப்பது. கடலூர் வெயிலில் கம்பளிக் கையுறையோடு நிற்கும் இரண்டு தடியன்களைப் பார்க்கக் கூட்டம் கூடிவிடும்.

"இன்னாங்க இது, தண்ணியில வுட்டா மெதக்குமா?" என்று சுண்டல் விற்கிற அம்மா கேட்டார்.

"மெதக்காதும்மா. பனியில வழுக்கும்," என்றான் பஷீர்.

"வழுக்கி வுழறதுக்கா இம்மாம் பயிற்சி? எங்கூட்டு பாத்ரூமுக்கு வாங்க, சும்மாவே வுழலாம்."

இளங்கோவிடம் எனக்குப் பிடிக்காத விஷயம் ஒன்று உண்டு. சகுனம். கிளம்பும்போது யாராவது தும்மினால் வீட்டுக்குள் திரும்பிப் போய், ஒரு வாய் தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்துதான் வருவான். "எங்க போற?" என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. பல்லி சத்தமிட்டால் அது எந்தத் திசை என்று பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவான். நான் பேருந்து நிலையத்தில் காய்ந்துகொண்டு நிற்பேன். நானோ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள். பல்லி, பூனை எதுவும் எனக்குக் கணக்கில்லை. "ஏன்டா, அந்தப் பல்லிக்கும் உன் பஸ்ஸுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். அவன் சிரித்துக்கொண்டே, "அக்கா, எதுக்கு வம்பு?" என்பான்.

கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்பு புவனகிரிக்குப் போகிற பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளாற்றுப் பாலத்து முனையில் இளங்கோ நின்றான். பேனரில். இரண்டு ஆள் உயரம். அவன் தலையை எவனோ ஒரு வெள்ளைக்காரன் உடம்பில் ஒட்டியிருந்தார்கள். அந்த உடம்பு கையில் குச்சியோடு ஆகாயத்தில் தாவிக்கொண்டிருந்தது. பின்னால் பனிமலை. மலைக்கு மேலே, எதற்கென்று தெரியவில்லை, ஒரு சிங்கம். "இமயத்தை வெல்லப் புறப்படும் எங்கள் இளஞ்சிங்கமே! சென்று வா, வென்று வா!" கீழே உறவுக்காரர்களின் படங்கள் வரிசையாக, கடைசியில் பிறந்து கண் திறக்காத ஒரு குழந்தையும் அவனை வாழ்த்திக்கொண்டிருந்தது. மேலவீதியில் இதே பேனர் இன்னொன்று. சேத்தியாத்தோப்புக் கூட்டுரோட்டில் மூன்றாவது.

வைத்தவர் அவனுடைய தாய்மாமா. புவனகிரியில் உரக்கடைக்காரர். இளங்கோவின் அப்பா சின்ன வயதிலேயே இறந்துபோக, அவனைத் தோளில் போட்டு வளர்த்தவர். அவர் பெருமைக்கு அளவே இல்லை. ரயில் ஏறுகிற அன்று மேளம், ஆளுயர மாலை, ஆளுக்கு ஒரு சால்வை. உள்ளூர் கேபிள் டி.வி.க்காரர் மைக்கை நீட்டினார். நம்மாள் வெட்கத்தோடு வாங்கி, பிறகு கூட்டத்தைப் பார்த்தான், மேளத்தைக் கேட்டான், என்ன ஏறியதோ, "உச்சியைத் தொடாம ஊர் திரும்ப மாட்டேன்" என்று முழங்கிவிட்டான்.

கைதட்டல் அடங்கவே இல்லை. வண்டி கிளம்பிய பிறகும் கதவோரத்திலேயே நின்றேன். எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. நம் வேலையில் நான் ஒருவனுக்குக் கொடுக்கக்கூடிய ஒரே பாதுகாப்பு, எந்த இடத்திலும் திரும்பி வரலாம் என்பதுதான். அதைத்தான் மூன்று ஊரில் சாரம் கட்டிப் பூட்டியிருந்தார்கள்.

மலையில் முதல் நாட்கள் நன்றாகவே போயின. பையன்கள் சளைக்காமல் ஏறினார்கள். பிறகு இரண்டு நாள் பனி கொட்டியது, காற்று அடித்தது. மூன்றாம் நாள் வானம் துடைத்து விட்டதுபோல் நீலமாக இருந்தது. பிள்ளைகளே, இந்த நீலத்தை நம்பாதீர்கள். காற்று அள்ளி வந்து குவித்த புதுப் பனி, பழைய பனியோடு இன்னும் ஒட்டியிருக்காது. ஆனால் பார்ப்பதற்குச் சலவை செய்த வேட்டி விரித்தது போல அவ்வளவு அழகாக இருக்கும்.

நாங்கள் மூவரும், உள்ளூர் வழிகாட்டி ஒருவருமாக ஏறினோம். உச்சிக்குக் கீழே ஒரு தோள்பட்டை மாதிரியான இடம். அங்கிருந்து கடைசிச் சரிவு ஒன்றைக் குறுக்கே ஏறிக் கடந்தால் உச்சி. கண்ணுக்கு எட்டுகிற தூரம். அந்த இடத்தில் செல்போனுக்கு சிக்னல் கிடைத்தது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

இளங்கோவின் போன் அடித்தது. மாமா. அவர் பேசினால் ஸ்பீக்கரே வேண்டாம்.

"மாப்ள! ஏறிட்டியா? கேபிள் டி.வி.காரரு நம்ம கடையிலதான் உக்காந்திருக்காரு. நீ சொன்னதும் ஓட வுடணும்ங்கறாரு!"

"இதோ மாமா. தோ தெரியுது. கொஞ்ச நேரம்."

போனை அணைக்காமலேயே அவன் நடக்கத் தொடங்கினான். நான் பின்னால் இரண்டடி வைத்திருப்பேன். காலுக்கு அடியில், பனியின் வயிற்றுக்குள்ளிருந்து, 'வும்' என்று ஒரு சத்தம். லாரியிலிருந்து நெல் மூட்டையை இறக்கிப் போட்டால் கேட்குமே, அந்த மாதிரி. நின்ற இடம் இம்மியளவு அமுங்கியது. இளங்கோவின் பலகை நுனியிலிருந்து ஒரு விரிசல் நூல் பிடித்ததுபோல் ஓடி நின்றது.

கீழே ஒரு பலவீனமான அடுக்கு உடைந்தால் வருகிற சத்தம் அது. நாங்கள் நின்ற இடம் கொஞ்சம் சமதரை, அதனால் பிழைத்தோம். முன்னாலிருந்தது சரிவு. வழிகாட்டியைப் பார்த்தேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். "சரியலாம், சரியாமலும் போகலாம். உங்கள் ஆட்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும்," என்றார் இந்தியில்.

"இளங்கோ, திரும்பு."

"அக்கா, சத்தம்தானே. ஒண்ணும் ஆவல பாருங்க."

"திரும்புடா."

அவன் திரும்பவில்லை. முகம் கோணிப்போயிற்று. "எப்படிக்கா திரும்பறது? மூணு ஊர்ல பேனர் வச்சிருக்காங்க. டி.வி.ல வேற சொல்லிட்டேன். மாமா தலை நிமுந்து நடக்க முடியுமா? நீங்க வேணா நில்லுங்க. நான் ஓடிப் போய்ட்டு ஓடி வந்துடறேன்."

பஷீர் கெஞ்சினான். "வேணாம் மச்சான். அக்கா சொல்றாங்கல்ல. அடுத்த வருஷம் வரலாம்."

"உனக்கு பேனர் வச்சாங்களா? நீ பேசுவ."

எனக்கு அப்போது என்னவெல்லாம் தோன்றியது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். பனியின் அடுக்குகளை விளக்கலாமா? அவனுக்குத் தெரியும், நானே சொல்லிக் கொடுத்ததுதான். கன்னத்தில் ஒன்று கொடுக்கலாமா? எட்டாத தூரத்தில் இருந்தான். அழுதுவிடலாமா? அதற்கும் தயாராகத்தான் இருந்தேன். இன்னும் நாலடி வைத்தால் சரிவு. அவன் கால் தூக்கினான். என் வாயில் என்னையறியாமல் வந்தது இதுதான்:

"டேய், பல்லி சொல்லிடுச்சுடா!"

பஷீர் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். "அக்கா, பனியில ஏதுக்கா பல்லி?"

இளங்கோ சிரிக்கவில்லை. தூக்கிய கால் அப்படியே நின்றது. மெதுவாகத் திரும்பி, "எந்தத் திசைலேர்ந்துக்கா?" என்றான்.

"காலுக்கடியிலேர்ந்துடா. நீ நிக்கிற எடத்துக்கு நேர் கீழ. மலைக்கு அதான் பல்லி. கிளம்பும்போதே சொல்லிடுச்சு. இதுக்கு மேலயும் போவியா?"

அவன் அந்த விரிசலைப் பார்த்தான். அணைக்காத போனிலிருந்து மாமாவின் குரல் கேட்டது. "மாப்ள, இன்னாடா சத்தம்? யாரு, இன்னா சொன்னது?"

"மாமா... தடை ஆயிடுச்சு மாமா. பல்லி மாதிரி. கெளம்பும்போதே."

ஒரு நொடிகூட இல்லை. "தடையா? அப்புறம் எதுக்குடா அங்க நிக்கற? எறங்குடா மொதல்ல!"

வந்த தடத்திலேயே ஒவ்வொருவராக, இடைவெளி விட்டு இறங்கினோம். கூடாரத்துக்கு வந்ததும் இளங்கோ ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தான். வீட்டில் செய்வது போலவே. நான் உட்காரவில்லை. கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

இதை இதோடு நிறுத்தினால் நல்ல கதை. அன்று சாயங்காலம் அந்தச் சரிவு இடிந்து விழுந்தது, நாங்கள் கைகூப்பினோம் என்று முடித்துவிடலாம். அப்படி நடக்கவில்லை. மறுநாள் வெளிநாட்டுக் குழு ஒன்று அதே சரிவை ஏறிக் கடந்து, உச்சியைத் தொட்டு, அதே சரிவில் சறுக்கி இறங்கியது. ஒரு பிடி பனிகூடச் சரியவில்லை. போதாக்குறைக்கு வீடியோ எடுத்து இணையத்தில் போட்டார்கள்.

ஊருக்கு வந்த பிறகு அதைத் தேடிக் கண்டுபிடித்தவன் இளங்கோவேதான். அவனால் சும்மா இருக்க முடியவில்லை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறான். அதே தோள்பட்டை, அதே வளைவு. பார்த்ததை மாமாவிடமும் காட்டிவிட்டான். அதற்குள் புவனகிரி டீக்கடையில் அவனுக்குப் பெயரே மாறிப்போயிருந்தது. பல்லிச் சிங்கம்.

ஒரு நாள் காலையில் என் வீட்டு வாசலில் புல்லட் வந்து நின்றது. மாமா. பின்னால், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இளங்கோ. நான் போட்ட டீயை மாமா தொடவில்லை.

"ஏம்மா, நெஞ்சுல கை வச்சுச் சொல்லுங்க. உங்களுக்குப் பல்லியில நம்பிக்கை உண்டா?"

"இல்லண்ணே."

"பின்ன எதுக்குச் சொன்னீங்க? எம்புள்ளைய மட்டும் இல்ல, என்னையும் சேத்து ஏமாத்திட்டீங்க. நான்தான் எறங்குடான்னு சொன்னேன். என் வாயாலயே சொல்ல வச்சுட்டீங்க. வெள்ளக்காரன் மறுநாள் சிரிச்சுக்கிட்டே எறங்கறான். ஊர்ல தலை காட்ட முடியல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னிக்கு இவன் போயிருந்தா அது சரிஞ்சிருக்குமா, சரிஞ்சிருக்காதா?"

இளங்கோ நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. நிச்சயம் சரிந்திருக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருவரும் நிம்மதியாகப் போய்விடுவார்கள். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவன் மறுபடி மலைக்குப் போகிறவன். மலையைப் பற்றி அவனிடம் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"தெரியாதுண்ணே."

"தெரியாதா? தெரியாமத்தான் எங்க மானத்த வாங்குனீங்களா?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "ஆமாண்ணே, தெரியாது. தெரியாததாலதான் திருப்பினேன். தெரிஞ்சிருந்தா அந்தச் சத்தத்துக்கு எதுக்குப் பயப்படப் போறேன்? சரி, சரிஞ்சிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க, சொல்லுங்க. நீங்க எதுவும் புதுசா பண்ண வேண்டியதில்ல. அதே பேனர் கடை, அதே போட்டோ. மேல எழுத்த மட்டும் மாத்தி கண்ணீர் அஞ்சலின்னு போட்டு, அதே எடத்துல வச்சிருப்பீங்க."

சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தை என்று உறைத்தது. இளங்கோ, "அக்கா..." என்றான். மாமா எழுந்துவிட்டார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வெளியே மீன்காரம்மா கூவிக்கொண்டு போனது முழுசாகக் கேட்டது.

"இவங்கப்பன் செத்தப்ப," என்றார் திரும்பாமலேயே, "போஸ்டர் அடிச்சது நான்தாம்மா. கல்யாண போட்டோவுலேர்ந்துதான் வெட்டி எடுத்தேன். வேற போட்டோ இல்ல."

இளங்கோ போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். அன்று மத்தியானமே மூன்று ஊர் சாரத்தையும் ஆள் விட்டுப் பிரித்துவிட்டார் என்று பஷீர் வந்து சொன்னான்.

பிள்ளைகளே, இதில் பாடம் என்று எதைச் சொல்வது? புறப்படும் முன் மாலை வாங்காதீர்கள், அது ஒன்று. ஒருவன் திரும்ப முடியாமல் நிற்கும்போது உங்களுக்குத் தெரிந்த அறிவியலை அவன் மேல் கொட்டாதீர்கள். கௌரவமாகத் திரும்புவதற்கு அவன் ஊரில், அவன் வீட்டில் ஏற்கனவே ஒரு வழி இருக்கும், அதைத் திறந்துவிடுங்கள். கீழே வந்த பிறகு மட்டும் அவனிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். சரியாகத் திரும்பினோமா என்று உங்களுக்குக் கடைசிவரை தெரியப் போவதில்லை. எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த வீடியோவை நானும் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் எழுந்து நடக்க வேண்டியிருக்கிறது. பழகிக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டு நாங்கள் மூவரும் மறுபடி போனோம். பேனர் இல்லை, மேளம் இல்லை. இளங்கோ மாமாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டு, ஊரில் கடைக்குச் சரக்கெடுக்க டெல்லிக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு கிளம்பினான். அந்த முறையும் உச்சி தொடவில்லை. மேகம் இறங்கிவிட்டது. திரும்பலாம் என்று முதலில் சொன்னவன் அவன்தான்.

விடியற்காலையில் சிதம்பரத்தில் வண்டி நின்றது. பிளாட்பாரத்தில் மாமா தனியாக நின்றிருந்தார். கையில் மாலை. உச்சியைப் பற்றிக் கேட்பார், என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நான்தான் முதலில் இறங்கினேன். பின்னால் பஷீர் பலகைகளை இறக்கினான். கடைசியாக இளங்கோ இறங்குகிறவரை மாமா கதவைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மூணு பேரும் எறங்கியாச்சா?" என்றார்.

"எறங்கியாச்சு மாமா. ஆனா மேல வந்து..."

"அத யாருடா கேட்டா?" என்று மாலையை அவன் கழுத்தில் போட்டார். பிறகு ஸ்டேஷன் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "டேய், எல்லாரும் வந்தாச்சு! சரவெடியக் கொளுத்துடா!"